டிராக்கில் மட்டும் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முன் கண்ணாடிக்கு எந்தப் பொருள்?

ஓசூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் 1971 எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் கார் ஒன்று இருக்கிறது. ரோட்டில் ஓட்டுவதில்லை. லாரியில் ஏற்றி, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் கோவை செட்டிப்பாளையம் கரி டிராக்குக்கும் கொண்டுபோய் அங்கே மட்டும் ஓட்டுகிறார். கடைசியாகக் கோவையிலிருந்து தொப்பூர் வழியாகத் திரும்பி வந்து காரை இறக்கும்போது முன் கண்ணாடியில் கீழ் மூலையிலிருந்து நடுப்பகுதி வரை ஒரு விரிசல் ஓடியிருந்ததாம். விளம்பர போர்டு செய்யும் கடைக்காரர் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஒரே நாளில் வெட்டித் தருகிறேன் என்கிறார். கூட ஓட்டும் நண்பர் ரேஸ் காருக்கு லெக்ஸான், அதாவது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான் என்கிறார். மெக்கானிக் கண்ணாடிக்கே போகச் சொல்கிறார். மூவரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி.

உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என்ன பொருள் போடுவது என்பது ஒன்று. இருந்த கண்ணாடி ஏன் விரிந்தது என்பது இன்னொன்று. அதை அவர் கேட்கவில்லை, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கண்ணாடித் தரச் சோதனையில் வேலை பார்த்துவிட்டு, பல வருடங்களாகக் கிருஷ்ணகிரியில் கண்ணாடி மாற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். கிரானைட் லாரிகள் ஓடும் ஊர் என்பதால் கல் பட்ட கண்ணாடிக்கு இங்கே பஞ்சமில்லை. இடையிடையே கிளப் ரேஸ் கார்களுக்கும் கண்ணாடியும் ஷீட்டும் மாட்டிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அவசரமாகப் பதில் வேண்டுபவர்களுக்கு: உங்கள் காருக்கு நல்ல லாமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் ஜவ்வு வைத்து ஒட்டியது) கிடைக்கும் என்றால் அதையே போடுங்கள். கிடைக்கவில்லை என்றாலோ, போட்டி விதிமுறை கேட்டாலோ, ஹார்டு கோட்டிங் உள்ள பாலிகார்பனேட் போடலாம். ஆனால் கண்ணாடி விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பீடிங்கில் செருகி விடக் கூடாது, போல்ட்டும் பட்டையும் கொடுத்து முறையாகப் பிடிக்க வேண்டும். அக்ரிலிக் முன்பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். டஃபண்டு கண்ணாடியும் (சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்த ஒற்றைக் கண்ணாடி) வேண்டாம். காரணங்கள் கீழே.

முதலில் விரிசல். ஒரே கோடாக விரிந்து, கண்ணாடி இன்னும் முழுசாகவே நிற்கிறது என்றால் உங்களிடம் இருப்பது லாமினேட்டட். டஃபண்டு அப்படி விரியாது. விட்டால் மொத்தமும் கற்கண்டுத் துண்டுகளாகப் போய்விடும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் இரண்டு வகையும் வந்திருக்கின்றன, அதனால் மூலையில் உள்ள முத்திரையையும் ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, விரிசல் தொடங்கிய இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கல் பட்டிருந்தால் சின்னக் குழியோ நட்சத்திரம் மாதிரித் தழும்போ வெளிப்பக்கம் இருக்கும். அது எதுவும் இல்லாமல் விளிம்பிலிருந்தே கோடு தொடங்கியிருந்தால், கண்ணாடியை உடைத்தது கல் இல்லை, அதன் ஃபிரேம்தான்.

ஃபிரேம் கண்ணாடியை உடைப்பது நான் அடிக்கடி பார்ப்பது. 50 வருடத்துக்கு மேல் ஆன கார்களில் பீடிங் ரப்பருக்கு அடியில், கீழ் மூலைகளில் தண்ணீர் தேங்கி தகடு துரு ஏறும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது கண்ணாடி விளிம்பை ஒரு புள்ளியில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் காரை லாரியில் ஏற்றி, பாடியில் கொக்கி மாட்டி, ஒரு மூலையை மட்டும் அதிகமாக இழுத்துக் கட்டினால், தொப்பூர் கணவாயின் ஏற்றத்திலும் வளைவுகளிலும் பாடி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ஏற்கனவே அழுத்தத்தில் இருந்த விளிம்பு அங்கே விட்டுவிடும். காரை நேரில் பார்க்காமல் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியை இறக்கியதும் பீடிங் உட்காரும் விளிம்பைச் சுற்றிலும் வயர் பிரஷ் போட்டுப் பாருங்கள். பழைய டிங்கர் வேலையில் பூசிய புட்டி, வெல்டிங் மேடு, துரு எது இருந்தாலும் சரி செய்து, பிரைமர் அடித்த பிறகுதான் புதிய கண்ணாடியைப் பற்றி யோசிக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் புதிதாக எந்தப் பொருளைப் போட்டாலும் அதே மூலையில் அதே கதைதான். கண்ணாடியாக இருந்தால் விரியும், பாலிகார்பனேட்டாக இருந்தால் அங்கே மயிரிழை வெடிப்புகள் வரும்.

இனி பொருட்கள். லாமினேட்டட் என்பது இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் ஜவ்வு. அந்த ஜவ்வு பொதுவாக 0.76 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு கண்ணாடியையும் ஒன்றாக அச்சின்மேல் வைத்து 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி வளைத்து, ஜவ்வை நடுவில் வைத்து, ஆட்டோகிளேவில் 140 டிகிரி அளவு வெப்பத்திலும் உயர்ந்த அழுத்தத்திலும் ஒட்ட வைக்கிறார்கள். எதூவார் பெனடிக்டஸ் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் 1903 வாக்கில் கண்டு, 1909இல் காப்புரிமை வாங்கிய யோசனைதான் இதன் தொடக்கம். கல் பட்டால் வெளிக் கண்ணாடி விரியும், ஜவ்வு பிடித்துக்கொள்ளும், நீங்கள் பார்வையோடு பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடத்துக்கு, திரும்பி வரலாம். எளிதில் கீறல் விழாது, வைப்பரைத் தைரியமாகப் போடலாம், பெட்ரோல் தெளித்தாலும் ஒன்றும் ஆகாது, வெயிலில் மஞ்சளாகாது. டிராக் காருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை என்பது என் கருத்து. சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் ஒரு வளைவில் தெளிவாகத் தெரிவதுதான் முன் கண்ணாடியின் முதல் வேலை. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் அந்த ஒரு நொடி முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும்.

டஃபண்டு என்பது ஒற்றைக் கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். அதனால் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், உள்ளே இழுவிசை இருக்கும். பக்கக் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நல்லது. முன்பக்கம் வைத்தால், ஆழமாக ஒரு கல் குத்தியதும் முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் பொடிப்பொடியாக விரிந்து வழி தெரியாமல் போகும். மணிக்கு 150 கிலோமீட்டரில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் மோட்டார் வாகன விதிகளும் முன் கண்ணாடிக்கு லாமினேட்டட்தான் கேட்கின்றன. உங்கள் கார் ரோட்டுக்கு வராதது என்பதால் சட்டம் உங்களைப் பிடிக்காது, ஆனால் காரணம் அப்படியேதான் இருக்கிறது. உள்ளூரில் யாராவது டஃபண்டு பண்ணித் தருகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அக்ரிலிக் பற்றி. போர்டு கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் தொழிலுக்கு அது அருமையான பொருள். லேசர் மெஷினில் விளிம்பு கண்ணாடி போல வெட்டும், வெயிலில் பாலிகார்பனேட்டைவிட நிறம் நிற்கும், கீறலும் கொஞ்சம் குறைவு. ஆனால் அடி தாங்காது. உடைந்தால் கத்தி மாதிரிக் கூரான நீளத் துண்டுகளாக உடையும், அவை வரும் திசை ஓட்டுபவர் முகத்துக்குத்தான். ஹெல்மெட் வைசர் இருக்கிறதே என்றால், கழுத்துக்கு வைசர் இல்லை. தீ பிடித்தால் அணையாமல் எரியும். பழைய திறந்த ரேஸ் கார்களில் ஓட்டுபவருக்கு முன்னால் சின்னதாக வளைந்த அக்ரிலிக் தடுப்பு இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது காற்றைத் தலைக்கு மேல் திருப்பிவிட வைத்தது. உங்களுடையது கூரை உள்ள கார், பெரிய கண்ணாடி. அந்த உதாரணம் இதற்குப் பொருந்தாது.

இப்போது பாலிகார்பனேட். உங்கள் நண்பர் சொன்ன லெக்ஸான் என்பது இதற்கு ஒரு கம்பெனி வைத்த பெயர்தான், மேக்ரோலான் என்பது இன்னொரு கம்பெனி வைத்த பெயர். 1953இல் ஜெர்மனியில் பேயரும் அமெரிக்காவில் ஜிஇயும் தனித்தனியாக ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் ஹெல்மெட் வைசரும் பெரும்பாலும் இதுதான். அடி தாங்குவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது நிச்சயம். ஒரு கணக்கு பாருங்கள்: 20 கிராம் ஜல்லி ஒன்று மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் ஏறக்குறைய 20 ஜூல் ஆற்றல். ஒரு கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கூர் முனையின்மேல் போட்டதற்குச் சமம். 5 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இதைக் குழிந்து வாங்கிக்கொள்ளும், துளைத்துக்கொண்டு உள்ளே வராது. முன்னால் போகும் காரின் சூடான டயர் ஓரத்து ஜல்லியை அள்ளி வீசும் இடங்களில் இது பெரிய விஷயம்.

ஆனால் இந்தப் பொருளுக்கு நான்கைந்து குணங்கள் உண்டு. அவற்றை மதிக்காமல் மாட்டியவர்கள்தான் பிறகு பாலிகார்பனேட்டைத் திட்டுகிறார்கள். முதலாவது, விறைப்பு. கண்ணாடி பாலிகார்பனேட்டைவிட ஏறக்குறைய 30 மடங்கு விறைப்பானது. கண்ணாடியின் அதே விறைப்பு வேண்டும் என்றால் பிளாஸ்டிக் 3 மடங்கு கனமாக, 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். யாரும் அப்படிப் போடுவதில்லை. 160 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் அதிகபட்சம் ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோ எடை அளவு வரும். உங்கள் கண்ணாடி அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ. சாய்வு இருப்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனால் ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்த அளவுக்கு நெருக்கமாகவே இருக்கும். ஷீட் உள்நோக்கி வளையும். பக்கக் கண்ணாடி திறந்திருந்தால் கேபினுக்குள் அழுத்தம் கூடி வெளியேயும் தள்ளும். எம்ஜிபி ஜிடியில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த ரப்பர் பிடிப்பதே கண்ணாடியின் விறைப்பை நம்பித்தான். வளையும் ஷீட்டை அதே ரப்பரில் செருகினால் விளிம்பு நழுவி, ஒரு நாள் நேர்ப்பாதையில் முழு ஷீட்டும் மடியில் வந்து விழலாம், அல்லது பறந்து பின்னால் வருபவர் மேல் விழலாம்.

அதனால் பாலிகார்பனேட் என்றால் சுற்றிலும் போல்ட்டு அல்லது கிளிப், உள்பக்கம் கூரையிலிருந்து டாஷ்போர்டு மேல் விளிம்பு வரை நிற்கும் இரண்டு அலுமினியப் பட்டைகள், வெளிப்பக்கமும் மேல், கீழ் விளிம்பில் பிடிப்பு. இது இல்லாமல் 3 மில்லிமீட்டர் ஷீட்டை டேப்பு போட்டு மாட்டி ஓடும் கார்களையும் பார்த்திருக்கிறேன். வேகத்தில் அந்த ஷீட் படபடக்கும்போது பார்வையும் சேர்ந்து ஆடும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே முன்பக்கத்துக்குப் போகாதீர்கள், 6 கிடைத்தால் நல்லது.

இரண்டாவது, வெப்பத்தில் விரிவது. இதுதான் நம் ஊரில் பலரை ஏமாற்றும் விஷயம். பாலிகார்பனேட் இரும்பைவிட 5 மடங்குக்கு மேல் விரியும். ஓசூரில் மார்கழிக் காலையில் 18 டிகிரியில் ஷீட்டை அளந்து கச்சிதமாக மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே கார் இருங்காட்டுக்கோட்டையில் மதிய வெயிலில் நின்றால் ஷீட் 60 டிகிரியைத் தாண்டும். 1200 மில்லிமீட்டர் அகல ஷீட் 45 டிகிரி வித்தியாசத்தில் 3.6 மில்லிமீட்டர் நீளும். இரும்பு ஃபிரேம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மட்டும் நீளும். மீதி 3 மில்லிமீட்டருக்குப் போக இடம் வேண்டும். துளையைப் போல்ட்டுக்குச் சரியாக 5 மில்லிமீட்டரில் போட்டால் ஷீட் அலை அலையாக உப்பும், இல்லையென்றால் துளையிலிருந்து வெடிக்கும். 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் துளை போடுங்கள். விளிம்பிலும் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். போல்ட்டை இறுக்கிப் பிழியக் கூடாது. வாஷர் அழுந்தத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். நட்டு தளராமல் நிற்பதற்கு, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போடுங்கள்.

போல்ட்டு மரை தளராமல் இருக்க ஊற்றும் லாக்கிங் திரவத்தை மட்டும் ஷீட் பக்கமே கொண்டு போகாதீர்கள். மூன்றாவது குணம் அதுதான். பாலிகார்பனேட்டுக்கு ரசாயனம் ஆகாது. அந்தத் திரவம், பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், எது பட்டாலும் இழுவிசையில் இருக்கும் இடங்களில், குறிப்பாகத் துளையைச் சுற்றி, மயிரிழை வெடிப்புகள் வரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த ரேஸ் வாரத்தில் தெரியும். வாஷரும் பீடிங்கும் இபிடிஎம் அல்லது நியோப்ரீன் ரப்பராக இருக்கட்டும். மெத்தென்ற பிவிசி வாஷர் வேண்டாம், அதில் இருக்கும் மென்மையாக்கும் எண்ணெய் ஷீட்டுக்குள் இறங்கும். சிலிக்கான் பூச வேண்டும் என்றால் வினிகர் வாடை அடிக்கும் வகையை விட்டுவிட்டு நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். இந்தப் பத்தியில் எழுதியவற்றில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பட்டறைக்கு வரும் வெடித்த ஷீட்களில் பெரும்பாலானவை அடிபட்டு வெடித்தவை இல்லை, ரசாயனமும் இறுக்கமும் சேர்ந்து வெடித்தவை.

நான்காவது, கீறல். கோட்டிங் இல்லாத ஷீட்டை வெறும் துணியால் தூசியோடு ஒரு முறை துடைத்தாலே கோடு விழும். கண்ணாடிக்குச் செய்தித்தாளைக் கசக்கித் துடைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது கூடாது. நிறையத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, மைக்ரோஃபைபர், அவ்வளவுதான். அதனால்தான் ஹார்டு கோட்டிங் உள்ளதை வலியுறுத்துகிறேன். கோட்டிங் இல்லாத ஷீட்டில் வைப்பர் போடவே முடியாது. கோட்டிங் இருந்தால் மழையில் சமாளிக்கலாம், ஆனால் காய்ந்த ஷீட்டில் வைப்பரை ஓட விடாதீர்கள். இந்தக் கோட்டிங் எத்தனை சீசன் நிற்கும் என்பதற்கு ஒரே பதில் இல்லை. மண் பறக்கும் டிராக், கார் வெயிலில் நிற்கும் நேரம், துடைக்கும் கை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். சில சீசன்களில் மாற்ற வேண்டிய பொருள் என்று நினைத்து வாங்குங்கள், கண்ணாடி மாதிரி வருடக்கணக்கில் கிடக்கும் என்று நினைக்காதீர்கள்.

வளைப்பது இன்னொரு சிக்கல். உங்கள் பழைய கண்ணாடியின்மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேலிருந்து கீழாக வைத்துப் பாருங்கள். ஸ்கேல் முழுதும் ஒட்டி உட்கார்ந்தால் வளைவு ஒரே திசையில்தான், சமதள ஷீட்டைச் சூடு இல்லாமலே வளைத்து மாட்டலாம். கோட்டிங் இல்லாத ஷீட்டுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை, தடிமனைப் போல் 100 மடங்கு ஆரம். 5 மில்லிமீட்டர் ஷீட் என்றால் 500 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. கோட்டிங் உள்ளதற்கு இன்னும் பெரிய ஆரம் வேண்டும், சில வகைகளை வளைக்கவே கூடாது, கோட்டிங் வெடித்துவிடும். ஸ்கேலின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் இரண்டு திசையிலும் வளைவு. அதற்குச் சூடு காட்டித்தான் அச்சில் படிய வைக்க வேண்டும். அதற்கு முன் ஷீட்டை 120 டிகிரி அளவில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஈரம் குமிழ் குமிழாக வரும். கோட்டிங்கை வளைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்து, பார்வை நெளியாமல் கொடுக்கும் பட்டறையை நம் பக்கத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே நெளிவு இருந்தால் வளைவின் முனையைத் தப்பாக எடை போடுவார். அந்த வேலையை நானே எடுத்துக்கொள்வதில்லை.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாலிகார்பனேட் என்று கேட்டால் வீட்டு போர்டிகோவுக்குப் போடும் கூரை ஷீட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உள்ளே குழாய் குழாயாக இருப்பதை யாரும் கண்ணாடிக்கு எடுக்க மாட்டார்கள். ஆனால் குழாய் இல்லாத திடமான ஷீட்டிலும் கூரைத் தரம் உண்டு, அதன் வழியாகப் பார்த்தால் தூரத்துக் கம்பம் நெளியும். அதே தடிமனில் அக்ரிலிக்கும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். ஓரத்துண்டு ஒன்று வாங்கி, கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு, வைஸில் பிடித்து மடக்கிப் பாருங்கள். பாலிகார்பனேட் தகடு மாதிரி மடியும், அக்ரிலிக் படீரென்று உடையும். வெட்டுவதற்கு லேசர் வேண்டாம். பாலிகார்பனேட்டை லேசர் கருக்கிவிடும். ரவுட்டர் அல்லது நுண்பல் ஜிக்சா போதும். பிறகு விளிம்பை நுண்ணிய தாளால் தேய்த்து ஒரு வெட்டுத் தடம்கூட இல்லாமல் செய்யுங்கள்.

எடைக்காக மாற்றலாம் என்று உங்கள் நண்பர் சொன்னாராம். அரை சதுர மீட்டர் லாமினேட்டட் கண்ணாடி 6.5 கிலோ அளவு. 5 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் 3 கிலோ. பட்டை, போல்ட்டு, வாஷர் எல்லாம் சேர்த்தால் மிச்சம் 3 கிலோ. டேங்கில் 4 லிட்டர் பெட்ரோல் குறைவாக ஊற்றினால் அதே மிச்சம். உயரத்தில் இருக்கும் எடை என்பதால் கொஞ்சம் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிளப் அளவில் ஓட்டும் ஒரு எம்ஜிபிக்கு அந்த 3 கிலோவுக்காகத் தெளிவான பார்வையையும் வைப்பரையும் விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடியில் பாலிகார்பனேட் போட்டு எடை குறையுங்கள், அது நல்ல யோசனை. அங்கே கீறல் விழுந்தால் பெரிய ஆபத்தில்லை, டஃபண்டு துண்டுகள் மேலே கொட்டும் பிரச்சினையும் போகும்.

விதிமுறையை நான் இங்கே எழுதப் போவதில்லை. எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு) விதிப் புத்தகமும் ஒவ்வொரு போட்டியின் துணை விதிகளும் வகுப்புக்கு வகுப்பு மாறும், வருடத்துக்கு வருடம் திருத்தம் வரும். நீங்கள் சேரும் வகுப்பின் ஸ்க்ரூட்டினியரிடம் (போட்டிக்கு முன் காரைச் சோதிப்பவர்) பொருள், தடிமன், பிடிப்பு மூன்றையும் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் செலவழியுங்கள். போட்டி இல்லாமல் சும்மா டிராக்கில் ஓட்டும் டிராக் டே மட்டும்தான் என்றாலும் கேளுங்கள். மீட்புக் குழுவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் உடைத்து ஆளை வெளியே எடுக்க முடியாது. மேல் விளிம்புப் பிடிப்புகளை ஒரே அளவு ஸ்பேனரில் வெளியிலிருந்து கழற்றும்படி வைத்து, அதன் பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, டிராக்கில் பாதுகாப்பைப் பார்க்கும் மார்ஷலிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் காருக்கு என் முடிவு லாமினேட்டட்தான். எம்ஜிபி ஜிடி 1965இலிருந்து 1980 வரை தயாரான கார், இங்கிலாந்தில் இன்றும் அதற்கு உதிரிபாகங்கள் நன்றாகக் கிடைக்கின்றன. கண்ணாடியின் விலையைவிட மரப்பெட்டி, கப்பல், சுங்கம்தான் கனக்கும். கூட யாராவது எம்ஜி வைத்திருப்பவர்கள் இருந்தால் இரண்டு மூன்று கண்ணாடியாகச் சேர்த்து வரவழையுங்கள், ஒன்று ஸ்பேராகவும் இருக்கும். இங்கேயே அச்சு போட்டு வளைத்து லாமினேட் செய்து தருபவர்களும் உண்டு. அவர்களிடம் கொடுப்பதானால் விரிந்த கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் மாதிரியாகக் கொடுங்கள். திரும்பி வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 2553 என்ற எண், விளிம்பில் ஜவ்வு பால் மாதிரி வெளுக்காமல் இருப்பது, பிறகு கண்ணாடி வழியாக ஒரு மின் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே தலையை மெல்ல அசைத்தால் கம்பம் நெளியாமல் நிற்பது. காலி ஃபிரேமில் கண்ணாடியை ரப்பர் இல்லாமல் வைத்துச் சுற்றிலும் ஒரே இடைவெளி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய பீடிங்கை மறுபடி போட வேண்டாம், புதிய ரப்பரோடு மாட்டுங்கள்.

கண்ணாடி வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ஓட்டியே தீர வேண்டும் என்றால் மேலே சொன்னபடி 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஹார்டு கோட்டிங் ஷீட்டைப் பட்டைகளோடு மாட்டி ஓட்டுங்கள், மழை வந்தால் பிட்டுக்கு வந்துவிடுங்கள். 160, 170 கிலோமீட்டருக்கு மேல் போகும் காருக்கு இந்தப் பிடிப்பு போதுமா என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வேகங்களுக்கு ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டும் கண்ணாடிப் பிடிப்பும் வடிவமைக்கும் ரேஸ் என்ஜினியரிடம் காட்டுங்கள். லாரியில் ஏற்றும்போது இனிமேல் பாடியில் கொக்கி போடாமல் நான்கு சக்கரங்களின்மேல் பட்டை போட்டு, நான்கையும் ஒரே அளவு இழுவையில் கட்டச் சொல்லுங்கள். பீடிங்கை எடுத்ததும் கீழ் மூலை இரண்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, தகடு வெட்டி மாற்ற வேண்டுமா, பிரைமரோடு முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.